அழிந்துபோனதாக நினைத்த மெட்டாசெகோயா: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சீனாவின் மெட்டாசெகோயா மரத்தைப் பற்றிப் பள்ளிகளிலும் மர ஆர்வலர் கூட்டங்களிலும் பேசும்போதெல்லாம் கிட்டத்தட்ட ஒரே கேள்விகள்தான் வருகின்றன. சிலவற்றுக்கு நின்ற இடத்திலேயே பதில் சொல்லிவிடலாம். சிலவற்றுக்கு உட்கார்ந்து பேச வேண்டும். கேட்டவர்களின் பேச்சிலேயே கேள்விகளை விட்டுவிட்டு, பதில்களை இங்கே சேர்த்து வைக்கிறேன்.

மெட்டாசெகோயான்னா என்ன மரம்? நான் கேள்விப்பட்டதே இல்லையே.

மத்திய சீனாவின் மலைப் பள்ளத்தாக்குகளைச் சேர்ந்த ஊசியிலை மரம். முழுப் பெயர் மெட்டாசெகோயா கிளிப்டோஸ்ட்ரோபாய்டிஸ். கலிஃபோர்னியாவில் வானை முட்டுகிற ரெட்வுட் மரங்களுக்கு நெருங்கிய உறவு. நன்றாக வளர்ந்தால் 50 மீட்டர் உயரம் வரை போகும். அடிமரம் பருத்து, நீளவாக்கில் பள்ளமும் மேடுமாக இருக்கும். இந்தப் பேரினத்தில், அதாவது நெருங்கிய உறவுள்ள இனங்களின் தொகுதியில், இன்று உயிரோடு இருப்பது இந்த ஓர் இனம் மட்டுமே.

அழிஞ்சு போச்சுன்னு யார் முடிவு பண்ணினாங்க? எதை வச்சு?

யாரும் தேடிப் பார்த்துவிட்டு "இல்லை" என்று அறிவிக்கவில்லை. ஜப்பானியத் தொல்தாவரவியலாளர் சிகெரு மிகி 1941-ல் சில புதைபடிவங்களை ஆராய்ந்து எழுதினார். அதுவரை அவற்றை ரெட்வுட் வகையான செகோயா என்றோ, சதுப்பு நிலத்து ஊசியிலை மரமான டாக்ஸோடியம் என்றோ வகைப்படுத்தி வைத்திருந்தார்கள். இலைகளும் கூம்பின் செதில்களும் எதிரெதிர் இணைகளாக அமைந்திருப்பதையும், கூம்புக்கு நீண்ட காம்பு இருப்பதையும் கண்ட மிகி, இது வேறு மரம் என்று சொல்லி மெட்டாசெகோயா என்ற புதுப் பேரினத்தை உருவாக்கினார்.

கல்லிலும் களிமண்ணிலும் மட்டுமே கிடைத்த மரம், உயிரோடு ஒன்றைக்கூட அறிவியல் பார்த்ததில்லை. ஆகவே எப்போதோ மறைந்துபோனது என்றே எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள். இன்று ஓர் இனத்தை அற்றுப்போனதாக அறிவிக்க, உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கமான ஐயூசிஎன் கடுமையான விதி வைத்திருக்கிறது. உரிய இடங்களில் உரிய பருவங்களில் முழுமையாகத் தேடி, கடைசி உயிரும் போய்விட்டது என்பதில் நியாயமான சந்தேகம் எதுவும் மிஞ்சக் கூடாது. மெட்டாசெகோயாவுக்கு அப்படிப்பட்ட தேடல் எதுவும் நடந்ததில்லை.

அப்புறம் உயிரோட எப்படிக் கிடைச்சது?

இதை நிதானமாகச் சொல்ல வேண்டும். மிகியின் கட்டுரை வந்த அதே 1941-ல், கான் டுவோ என்ற சீன வனவியல் பேராசிரியர் மோதாவோசி என்ற சிற்றூர் வழியாகப் பயணம் போனார். அந்த ஊர் அன்றைக்குச் சிச்சுவான் மாகாணத்தின் வான்சியன் பகுதியில் இருந்தது. இன்று ஹூபெய் மாகாணத்தின் லிச்சுவானில் இருக்கிறது. அங்கே ஒரு பெரிய மரம் நின்றது. குளிர்காலம் என்பதால் இலை ஒன்றுகூட இல்லை. இவர் மிகியின் கட்டுரையை அறிந்தவர் அல்லர். மிகிக்கு இந்த மரம் தெரியாது. இரண்டு நாடுகளுக்கும் இடையே போர் நடந்துகொண்டிருந்த காலம் அது.

1943-ல் வாங் ஜான் என்ற வன அதிகாரி ஷென்னோங்ஜியா காடுகளை ஆராயப் புறப்பட்டார். மோதாவோசியில் விசித்திரமான மரம் ஒன்று இருப்பதாக வான்சியன் வேளாண் பள்ளித் தலைவர் சொல்லவே, வழியை மாற்றிக்கொண்டு அங்கே போனார். கிளையும் கூம்பும் சேகரித்து, கிளிப்டோஸ்ட்ரோபஸ் என்ற வேறொரு சீன மரமாக இருக்கும் என்று குறித்து வைத்தார். 1945-ல் அந்தச் சேகரிப்பில் ஒரு பகுதி பேராசிரியர் ஜெங் வான்ஜுன் கைக்கு வந்தது. இது கிளிப்டோஸ்ட்ரோபஸ் இல்லை என்று அவருக்குப் பட்டது. 1946-ல் தன் மாணவர் ஷுவே ஜிருவை இரண்டு முறை மோதாவோசிக்கு அனுப்பி, முதல் முறை விட்டுப்போனதை இரண்டாம் முறை எடுத்து வரச் செய்தார்.

ஜெங் அந்த மாதிரிகளை பெய்ஜிங்கில் இருந்த தாவரவியலாளர் ஹூ சியென்சுவுக்கு அனுப்பினார். ஹூ மிகியின் கட்டுரையைப் படித்திருந்தவர். புதைபடிவத்தின் வர்ணனையும் கையில் இருந்த கிளையும் பொருந்தின. 1948 மே மாதம் ஹூவும் ஜெங்கும் சேர்ந்து இனத்தை முறைப்படி வெளியிட்டார்கள். ஒருவர் பார்த்தார், ஒருவர் பறித்தார், ஒருவர் சந்தேகப்பட்டார், ஒருவர் பொருத்திப் பார்த்தார். இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணி விட்டுப்போயிருந்தாலும் அந்தக் கிளை ஏதாவது ஓர் அலமாரியில் தவறான பெயரோடு கிடந்திருக்கும்.

அந்த ஊர்க்காரங்களுக்கு முன்னாடியே தெரிஞ்ச மரம்தானே? அதை எப்படிக் "கண்டுபிடிச்சாங்க"ன்னு சொல்லலாம்?

மிகச் சரியான கேள்வி. மோதாவோசி மக்கள் அந்த மரத்தை ஷுயிஷா என்று அழைத்தார்கள். பெரிய மரத்தின் அடியில் சிறு கோயில் கட்டி வழிபட்டார்கள். அது பிழைத்து நின்றதற்கு அந்த வழிபாடும் ஒரு காரணம் என்றே நான் நினைக்கிறேன். அவர்களைப் பொறுத்தவரை அது ஒருநாளும் தொலைந்ததில்லை.

புதிதாகக் கிடைத்தது மரம் அல்ல, தொடர்பு. ஊர்ப் பெரிய மரமும் ஜப்பானியக் களிமண்ணில் பதிந்த இலையும் ஒரே பேரினம் என்று ஊர்க்காரர்களுக்குத் தெரிந்திருக்க வழியில்லை. உயிருள்ள மரம் இருக்கிறது என்று அறிஞர்களுக்குத் தெரியாது. ஆகவே எழுதும்போது "அறிவியலுக்குத் தெரியவந்தது" என்று எழுதுங்கள். ஊரின் பெயரையும் கட்டாயம் சேருங்கள்.

பிள்ளைக்கு ஸ்கூல் ப்ராஜெக்ட். கண்டுபிடிச்சவர்னு ஒரே ஒரு பேர் போடணுமாம். யார் பேரைப் போடுறது?

ஒரே பெயர் போட்டால் அது தவறாகத்தான் இருக்கும். இனத்துக்குப் பெயரிட்டவர்கள் ஹூவும் ஜெங்கும்; பேரினத்துக்குப் பெயரிட்டவர் மிகி. இந்த மூன்று பெயர்களையும் எழுதச் சொல்லுங்கள். இடம் இருந்தால் மேலே சொன்ன கான் டுவோ, வாங் ஜான், ஷுவே ஜிரு பெயர்களும் வரட்டும். பல ஆங்கிலக் கட்டுரைகளில் அமெரிக்கத் தொல்தாவரவியலாளர் ரால்ஃப் சேனி பெயர்தான் முதலில் வருகிறது. அவர் மோதாவோசிக்குப் போனது 1948-ல், எல்லாம் உறுதியான பிறகு.

ஒரு பள்ளத்தாக்குல இருந்த மரம் உலகம் பூரா எப்படிப் போச்சு?

விதையால். அமெரிக்காவின் ஆர்னால்டு தாவரத் தோட்டத்தைச் சேர்ந்த எல்மர் மெரில் 1947-ல் விதை சேகரிப்புக்காக 250 டாலர் அனுப்பினார். அந்தப் பணத்தில் ஒரு சீனக் குழு அந்த இலையுதிர்காலத்திலேயே போய் விதை எடுத்து வந்தது. 1948 ஜனவரியில் விதைகள் பாஸ்டன் வந்து சேர்ந்தன. மெரில் அவற்றைத் தன் தோட்டத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளாமல், பல நாட்டுத் தோட்டங்களுக்கும் பொட்டலம் கட்டி அனுப்பினார். இந்தக் கதையில் என் மனதை மிகவும் தொட்ட செயல் இதுதான். அதே ஆண்டு சேனியும், பத்திரிகையாளர் மில்டன் சில்வர்மனும் அங்கே போய் வந்து எழுதியதால் சாதாரண மக்களுக்கும் செய்தி பரவியது.

1949-க்குப் பிறகு வெளிநாட்டுத் தாவரவியலாளர்கள் அந்தப் பக்கம் போக முடியவில்லை. 1980-ல் சீன–அமெரிக்கக் கூட்டுப் பயணம் நடக்கும்வரை கதவு மூடித்தான் இருந்தது. ஓரிரு ஆண்டு தாமதித்திருந்தால் அந்த விதைகள் வெளியே வர இன்னும் முப்பது ஆண்டு ஆகியிருக்கும்.

கொரியா சீரியல்ல ரெண்டு பக்கமும் உயரமா மரம் நிக்கிற ரோடு வருமே, அதுவா இது?

ஆமாம், அதேதான். நாமி தீவிலும் தம்யாங்கிலும் உள்ள புகழ்பெற்ற மரச்சாலைகள் மெட்டாசெகோயா சாலைகள். எல்லாம் மனிதர்கள் நட்டவை. சீனாவிலும் சாலையோரம், ஆற்றங்கரை, வாய்க்கால் கரை என்று ஏராளமாக நட்டிருக்கிறார்கள். வுஹான் நகரின் அடையாள மரமே இதுதான்.

பார்த்தவுடனே எப்படி அடையாளம் கண்டுபிடிக்கிறது?

இலையைப் பாருங்கள். சிறு கிளையில் இலைகள் நேர் எதிரெதிராக, இறகு போலத் தட்டையாக இருக்கும், தொட்டால் மெத்தென்றிருக்கும். இதோடு குழம்பிப்போகிற டாக்ஸோடியம் மரத்தில் இலைகள் மாற்றி மாற்றி வரும். மிகி புதைபடிவத்தில் பார்த்ததும் இந்த அடையாளத்தைத்தான். கூம்பு சிறியது, நீண்ட காம்பில் தொங்கும்.

ஊசியிலை மரம்னா வருஷம் முழுக்கப் பச்சையா இருக்கணுமே, இது ஏன் இலை உதிர்க்குது?

எல்லா ஊசியிலை மரமும் என்றும் பச்சை இல்லை. லார்ச் உதிர்க்கும், டாக்ஸோடியம் உதிர்க்கும். மெட்டாசெகோயா இலையுதிர்காலத்தில் செம்பழுப்பாக மாறி, இலைகளைத் தாங்கும் குட்டிக் கிளையோடு சேர்த்தே உதிர்த்துவிடும்.

ஏன் என்பதுதான் கடினம். சுமார் 4.5 கோடி ஆண்டுகளுக்கு முன் கனடாவின் வடகோடியில், ஆர்க்டிக் வட்டத்துக்கு மேலே, இதன் மூதாதை மரங்கள் காடாக நின்றன. ஆக்சல் ஹைபர்க் தீவில் அந்தக் கட்டைகள் கல்லாகாமல் மரமாகவே கிடைத்திருக்கின்றன. அங்கே பல மாதங்கள் தொடர்ந்து இருட்டு. இருட்டில் இலையை வைத்திருந்தால் சேமித்த சத்து வீணாகும், அதனால்தான் உதிர்க்கப் பழகியது என்று வெகுகாலம் சொல்லி வந்தார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் 2003-ல் நேச்சர் இதழில் வந்த ஒரு சோதனை, இலையை உதிர்ப்பதால் மரம் இழக்கும் கரிமம், இருட்டில் இலையை வைத்திருப்பதால் இழப்பதைவிட அதிகம் என்று காட்டியது. ஆகவே இருட்டுதான் காரணம் என்று யாராவது உறுதியாகச் சொன்னால் அப்படியே ஏற்றுக்கொள்ள வேண்டாம்.

டைனோசர் காலத்து மரம், அப்போலேர்ந்து மாறவே இல்லைன்னு சொல்றாங்களே?

மெட்டாசெகோயாவின் புதைபடிவங்கள் கிரெட்டேசியஸ் காலத்திலிருந்தே கிடைக்கின்றன. ஆக, டைனோசர் காலத்துப் பேரினம் என்பது சரி. வட அமெரிக்கா, ஐரோப்பா, ஆசியா என வட அரைக்கோளம் முழுக்கப் பரவியிருந்தது. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலம் இதைத் தன் மாநிலப் புதைபடிவமாகவே வைத்திருக்கிறது. பழைய இலையையும் இன்றைய இலையையும் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் சொல்வது கடினம்.

"மாறவே இல்லை" என்பதை மட்டும் நான் ஏற்க மாட்டேன். கல்லில் பதிவது வெளி உருவம். உள்ளே வேதிப்பொருள்கள், நோய் எதிர்ப்பு, மரபணு எல்லாம் எப்படி மாறின என்பதை இலையின் அச்சு காட்டாது. இன்று நிற்பது இன்றைய மரம்.

மத்த எல்லா இடத்திலயும் போயிடுச்சு, அங்க மட்டும் எப்படித் தப்பிச்சது?

உலகம் குளிர்ந்து வறண்டபோது ஈரத்தை நம்பிய மரங்களுக்கு இடம் சுருங்கியது. வடக்கே பனிப்பாறைகள் நிலத்தை மூடின. மத்திய சீனாவின் அந்த மலைப்பகுதியைப் பெரும் பனிப்படலங்கள் மூடவில்லை. பள்ளத்தாக்குகளில் ஈரமும் மிதமான தட்பவெப்பமும் தொடர்ந்தன. முன்பு பரவலாக இருந்து பின்னர் சுருங்கிப்போன வேறு பல மரவகைகளும் சீனாவின் மலைகளில் தங்கிப் பிழைத்திருக்கின்றன.

இப்பத்தான் உலகம் பூரா இருக்கே, அப்புறம் ஏன் இன்னும் ஆபத்தான இனம்னு பட்டியல்ல வச்சிருக்காங்க?

இந்தப் பக்கத்தை எழுத உட்கார்ந்ததே இந்தக் கேள்விக்காகத்தான். ஐயூசிஎன் கணக்கில் எடுப்பது இயற்கையாக வளரும் மரங்களை. அவை லிச்சுவானையும் சுற்றுப்புறத்தையும் சேர்த்து ஐயாயிரத்துச் சொச்சம்தான். சீன அரசு முதல் தரப் பாதுகாப்புக் கொடுத்திருக்கிறது, வெட்ட முடியாது. மரங்களுக்கு எண் போட்டுக் கண்காணிக்கிறார்கள். ஆனாலும் கிழ மரங்கள் நிற்கின்றனவே தவிர, அவற்றின் அடியில் கன்றுகள் வருவது அரிது. இதன் விதை மிகச் சிறியது. முளைக்க ஈரமான திறந்த மண்ணும், முளைத்த பின் நல்ல வெளிச்சமும் வேண்டும். அப்படிப்பட்ட பள்ளத்தாக்குத் தரையெல்லாம் வயலாகவும் வீடாகவும் மாறிவிட்டது. வரப்போரம் தனியாக நிற்கும் மரம் விதை கொட்டும்; விழுந்த இடத்தில் உழுவார்கள்.

இன்னொன்று, தனித்து நிற்கும் மரத்துக்கு அதன் மகரந்தமே திரும்ப வருவதால் விதைகளில் பெரும்பாலானவை சொத்தையாகிவிடும். உலகத் தோட்டங்களில் இருப்பவற்றில் பெரும்பகுதி 1947-ல் எடுத்த விதைகளின் வழித்தோன்றல்கள். அவை வந்தது குறைந்த எண்ணிக்கையிலான தாய்மரங்களிலிருந்து. சாலையோரத்தில் லட்சம் மரம் இருந்தாலும், காட்டு மரங்களிடம் உள்ள மரபணு வகைகள் எல்லாம் அவற்றில் வந்துவிடவில்லை. கண்டுபிடிப்பது, பரப்புவது, அதன் இடத்தில் அதுவாகவே முளைக்க விடுவது ஆகிய மூன்றில் மெட்டாசெகோயாவுக்கு இரண்டுதான் நடந்திருக்கிறது. மூன்றாவதைப் பற்றித்தான் நாம் அதிகம் பேச வேண்டும்.

ஆஸ்திரேலியாவுல ஒரு மரம் கிடைச்சதே, அதுவும் இதுவும் ஒண்ணா?

இல்லை. அது வொலெமி பைன். சிட்னிக்கு வடமேற்கே உள்ள வொலெமி தேசியப் பூங்காவின் ஆழமான பள்ளத்தாக்கு ஒன்றில் 1994-ல் டேவிட் நோபிள் என்ற பூங்காப் பணியாளர் கண்டது. காட்டில் முதிர்ந்த மரங்கள் நூறுக்கும் குறைவு. இடத்தை இன்றுவரை ரகசியமாக வைத்திருக்கிறார்கள், ஏனென்றால் செருப்பு மண்ணோடு வரும் வேரழுகல் நோய்க்கிருமி அங்கே போனால் தாங்காது. அப்படியும் ஒருமுறை நோய் உள்ளே வந்திருக்கிறது. 2019–20 காட்டுத்தீயில் தீயணைப்பு வீரர்களை ஹெலிகாப்டரில் இறக்கி, தண்ணீர் பாய்ச்சித்தான் அந்தத் தோப்பைக் காப்பாற்றினார்கள்.

நம்ம பக்கம் இப்படி ஏதாவது கிடைச்சிருக்கா?

கிடைத்திருக்கிறது. நம் இலுப்பையின் உறவான மதுகா டிப்ளோஸ்டெமன் என்ற மரத்தை 1835-ல் தாவரவியலாளர் ராபர்ட் வைட் சேகரித்தார். அதன்பின் 180 ஆண்டுகளுக்கு மேல் யார் கண்ணிலும் படவில்லை. பிறகு கேரளாவின் கொல்லம் மாவட்டம் பரவூரில், ஒரு கோயில் காவில், அதாவது கோயிலைச் சேர்ந்த தோப்பில், ஒற்றை மரமாக நிற்பதைப் பாலோடு தாவரத் தோட்ட ஆய்வாளர்கள் அடையாளம் கண்டார்கள். மோதாவோசி மரம் போலவே இதையும் காத்தது ஒரு சாமி.

இலங்கையில் குருடியா சைலானிகா என்ற மரத்தை, ஆபத்தில் உள்ள இனங்களைக் குறிக்கும் அந்நாட்டின் 2012 சிவப்புப் பட்டியல் அற்றுப்போனதாகக் குறித்தது. 2019-ல் கம்பஹா பகுதியில் ஒரு மரம் கிடைத்தது. அதிவேக நெடுஞ்சாலைப் பணிக்காக அதை வெட்டப் போகிறார்கள் என்று 2021-ல் செய்தி வர, எதிர்ப்பு எழுந்து நிறுத்தப்பட்டது. பட்டியலில் அழிந்த மரம், திரும்பக் கிடைத்து இரண்டே ஆண்டில் கோடரி முன்னால் நின்றது.

ஊட்டி, கொடைக்கானல்ல மெட்டாசெகோயா நடலாமா?

சென்னை, மதுரை போன்ற சமவெளிக்கு ஒத்துவராது; குளிர்காலமும் நிறைய ஈரமும் வேண்டும். மலையில் தண்ணீர்ப் பக்கமாக வைத்தால் வரக்கூடும். ஒரு தாவரவியல் பூங்காவில் ஓரிரு மரம் நட்டால் நானும் போய்ப் பார்ப்பேன். தோப்பாகவோ காட்டோரமாகவோ நடுவதை ஏற்க மாட்டேன். சோலைக்காட்டையும் புல்வெளியையும் பைன், வாட்டில், யூகலிப்டஸ் என்று வெளிமரங்களுக்குக் கொடுத்து ஏற்கெனவே நிறைய இழந்துவிட்டோம். நட ஆசை இருந்தால் அந்தச் சோலையின் மரங்களையே நடுங்கள்.

இப்படி ஒண்ணொண்ணா திரும்பக் கிடைக்குதே, அப்ப அழிவு அழிவுன்னு பயமுறுத்துறது கொஞ்சம் அதிகம்தானே?

தெற்கு அட்லாண்டிக் கடலில் உள்ள செயின்ட் ஹெலினா தீவில் நடந்ததைக் கேளுங்கள். அந்தத் தீவின் ஆலிவ் மரம் அழிந்ததாகக் கருதியிருந்தார்கள். 1977-ல் ஜார்ஜ் பெஞ்சமின் என்பவர் ஒற்றை மரத்தைக் கண்டார். பதியன், விதை என்று எல்லாம் முயன்றார்கள். 1994-ல் அந்த மரம் செத்தது. வளர்ப்பில் இருந்த கடைசிக் கன்றும் 2003-ல் பூஞ்சை நோயில் போனது. கிடைத்த பிறகுதான் அது உண்மையில் அழிந்தது.

அதே பெஞ்சமின் 1980-ல் மலைச்சரிவு ஒன்றில் அதே தீவின் கருங்காலியைக் கண்டார். இரண்டே செடிகள். அவற்றின் கிளைத்துண்டுகளிலிருந்து வளர்த்தவை இன்று தீவில் ஆயிரக்கணக்கில் நிற்கின்றன. அதே தீவு, அதே கண்கள், முடிவு மட்டும் வேறு. இப்படிக் கிடைப்பவை பெரும்பாலும் ஒன்று, இரண்டு, நூறுக்குள். அந்த எண்ணிக்கையைப் பார்த்தபின் எனக்கு நிம்மதி வருவதில்லை, அவசரம்தான் வருகிறது.

காட்டுல அடையாளம் தெரியாத மரம் ஒண்ணு பார்த்தேன். என்ன செய்யணும்?

முதலில் படம் எடுங்கள்: முழு மரம், பட்டை, இலையின் இருபுறம், கிளையில் இலை அமைந்த விதம், பூவோ காயோ இருந்தால் அருகிலிருந்து. தேதியையும் இடத்தையும் உயரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். கிளையை ஒடிக்க வேண்டாம். காப்புக்காட்டில் அனுமதியின்றி எதையும் எடுப்பது சட்டப்படியும் குற்றம். உள்ளூரில் அதற்கு என்ன பெயர், எதற்குப் பயன்படுத்துகிறார்கள் என்று அங்கே வசிப்பவர்களிடம் கேட்டு எழுதுங்கள். வாங் ஜானை வழிமாறிப் போக வைத்ததே அப்படியொரு பேச்சுதான்.

அப்புறம் கோயம்புத்தூரில் உள்ள இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் தென்மண்டல மையத்தை அணுகுங்கள். உலர்த்திய தாவர மாதிரிகளின் காப்பகமான மெட்ராஸ் ஹெர்பேரியம் அங்கேதான் இருக்கிறது. பழைய மாதிரிகளோடு ஒப்பிட்டுச் சொல்ல முடியும். உறுதியாகும்வரை சரியான இடத்தை வாட்ஸ்அப்பிலோ முகநூலிலோ போடாதீர்கள். காரணம் வொலெமி பைன் பற்றிய பதிலில் இருக்கிறது. படத்தை அனுப்பும்போதும் அதற்குள் பதிந்திருக்கும் இடக்குறிப்பை நீக்கிவிட்டு அனுப்புங்கள்.